எபிரோனில் ஒரு நாள், இரண்டு வழிகாட்டிகள்: ஒரு சுற்றுலாச் சேவை பற்றிய மதிப்புரை

எருசலேமிலிருந்து காலையில் கிளம்பி, இஸ்ரேலிய ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையின் எபிரோன் நகரில் பாதியை ஓர் இஸ்ரேலிய வழிகாட்டியோடும் மீதிப் பாதியை ஒரு பாலஸ்தீன வழிகாட்டியோடும் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களைச் சில நிறுவனங்கள் நடத்திவந்தன. 2019 மார்ச் மாதத்தில் அப்படியொரு நிறுவனத்தின் சேவையில் நானும் என் அத்தையும் போய்வந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் சபையார் நாற்பது பேருடன் புனிதப் பயணம் போயிருந்தோம். பெத்லகேம், நாசரேத்து, கலிலேயாக் கடல், யோர்தான் நதி என்று குழுவின் பட்டியல் நிறைந்திருந்ததே தவிர, ஆபிரகாமும் சாராளும் அடக்கம் செய்யப்பட்ட எபிரோன் அதில் இல்லை. மற்றவர்கள் ஓய்வெடுத்த நாளில் நாங்கள் இருவர் மட்டும் தனியாகப் பணம் கட்டிப் போனோம்.

2025 அக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் வந்த பிறகு, பயணத்தை மீண்டும் தொடங்கலாமா என்ற பேச்சு எங்கள் சபையில் எழுந்திருக்கிறது. எபிரோன் சுற்றுலாவையும் சேர்க்கலாமா, அது பணத்துக்குத் தகுதியானதா, வயதானவர்களால் நடக்க முடியுமா என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையில் பாதி, நிறுவனம் திட்டமிடாத பத்து நிமிடங்களுக்காக.

எருசலேமிலிருந்து எபிரோன் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பேருந்தின் கண்ணாடிகள் குண்டு துளைக்காதவை என்பதால் தடிமனாகவும் சற்றே மங்கலாகவும் இருந்தன. வெளியே பூத்திருந்த வாதுமை மரங்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போலத் தெரிந்தன. 60ஆம் எண் நெடுஞ்சாலையில் சுரங்கப் பாதைகளைக் கடந்து, யூதக் குடியேற்றங்களையும் அல்-அரூப் அகதிகள் முகாமின் காவல் கோபுரத்தையும் தாண்டிப் போகும்போது, அந்த நிலத்தில் எந்த ஊர் யாருடையது என்பதைக் கூரைகளைக் கொண்டும் தண்ணீர்த் தொட்டிகளைக் கொண்டும் அறியலாம் என்று இஸ்ரேலிய வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். கருப்புத் தொட்டிகள் நிற்கும் கூரைகள் பாலஸ்தீனர்களுடையவை, குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதி இல்லாததால் சேமித்து வைக்கிறார்கள் என்றார். யார் பக்கத்து ஆளாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதை மறைக்காமல் சொல்வதே வழிகாட்டியின் முதல் கடமை. அந்த வகையில் அவர்மீது எனக்குத் தொடக்கத்திலேயே மதிப்பு வந்துவிட்டது.

போகுமுன் வாசகர் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நிறுவனம் தந்த துண்டுப் பிரசுரத்தில் அது இரண்டே வரிகளில் இருந்தது. 1997 ஜனவரியில் கையெழுத்தான எபிரோன் உடன்படிக்கை இந்த நகரத்தை இரண்டாகப் பிரித்தது. ஏறத்தாழ எண்பது விழுக்காடு 'எச்-1' என்ற பெயரில் பாலஸ்தீனர்களின் சுயாட்சி நிர்வாகமான பாலஸ்தீன ஆணையத்தின் பொறுப்பில் விடப்பட்டது. பழைய நகரமும் முற்பிதாக்களின் கல்லறையும் அடங்கிய மீதி இருபது விழுக்காடு 'எச்-2' ஆகி, இஸ்ரேலிய ராணுவத்தின் கட்டுப்பாட்டில் நீடிக்கிறது. அந்த எச்-2 பகுதியில் சில நூறு யூதக் குடியேறிகளும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களும் வாழ்கிறார்கள். அங்கே குடியேறி ஒருவர் தவறு செய்தால் இஸ்ரேலின் வழக்கமான நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவார். அதே தெருவில் அதே தவறைச் செய்யும் பாலஸ்தீனர் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், அன்று பார்ப்பவை எல்லாம் இரண்டு அண்டை வீட்டாரின் வேலித் தகராறாகவே தோன்றும். இந்தச் சேவையின் பெரிய குறையும் அதுதான்: இரு பக்கங்களுக்கும் சரியாக மூன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டதால், இரு பக்கத்தின் நிலையும் சமம் என்ற எண்ணத்தைப் பயணியிடம் விட்டுவிடுகிறது.

கல்லறைக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரோது மன்னர் காலத்துச் சுவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. கற்களில் பல ஆள் உயரத்தைவிட நீளம். யூதர்களுக்கு அது மக்பேலா குகை, முஸ்லிம்களுக்கு இப்ராஹீமிப் பள்ளிவாசல். யூதப் பக்கத்தில் யாக்கோபு, லேயாள் நினைவு மாடங்களும், முஸ்லிம் பக்கத்தில் ஈசாக்கு, ரெபெக்காள் நினைவு மாடங்களும் உள்ளன. ஆபிரகாமின் மாடத்தை இரு பக்கத்திலிருந்தும் கம்பிச் சன்னல் வழியாகப் பார்க்கலாம். காலையில் அந்தச் சன்னலில் நின்று பார்த்தபோது, எதிர்ச் சன்னலுக்கு அப்பால் ஒரு முதியவர் கண்களை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குப் பிறகு நாங்கள் அவர் நின்ற இடத்தில் நின்றோம். காலையில் நாங்கள் நின்ற சன்னலில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றாள். இரண்டு சன்னல்களுக்கும் நடுவே குண்டு துளைக்காத கண்ணாடி இருக்கிறது. ஆண்டில் பத்து நாட்கள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, வேறு பத்து நாட்கள் முழுவதும் முஸ்லிம்களுக்கு, மற்ற நாட்களில் ஆளுக்குப் பாதி என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது.

ஏத்தியனான எப்பெரோன் இலவசமாகத் தருகிறேன் என்றும் கேளாமல், ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து அந்த நிலத்தை வாங்கியதையும், அவர் இறந்தபோது அவருடைய மகன்களான, யூதர்கள் முன்னோராகக் கருதும் ஈசாக்கும் அராபியர்கள் முன்னோராகக் கருதும் இஸ்மவேலும் சேர்ந்து அடக்கம் செய்ததையும் இரண்டு வழிகாட்டிகளுமே சொன்னார்கள். சகோதரர்கள் சேர்ந்து அடக்கம் செய்த இடம் என்று சொன்னதும் எங்களோடு வந்த பயணிகளின் முகங்கள் மலர்ந்துவிட்டன, சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அது போதவில்லை. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய சமாதானத்தைச் சொல்வதால் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. நாங்கள் போனதற்கு இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அதே கட்டடத்தில் நடந்ததையும், அதற்கும் அறுபத்தைந்து ஆண்டுக்கு முன் அதே தெருக்களில் நடந்ததையும் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இப்படிப்பட்ட சேவையை எடைபோட வேண்டும்.

1929 ஆகஸ்டில் எபிரோனில் 67 யூதர்கள் அராபியக் கும்பலால் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்களில் அவர்களுடைய ஊர்க்காரர்களும் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களும், வேதம் படிக்க வந்திருந்த மாணவர்களும் அவர்களில் அடக்கம். அதே நாளில் அராபியக் குடும்பங்கள் பல, தங்கள் யூத அண்டை வீட்டாரை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதால்தான் மற்றவர்களில் பலர் பிழைத்தார்கள். இஸ்ரேலிய வழிகாட்டி இதை பெய்த் ஹதாசா என்னும் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் வைத்துச் சொன்னார். யூதர்களுக்கும் அராபியர்களுக்கும் ஒருசேர வைத்தியம் பார்த்த இடம் அது என்றும் குறிப்பிட்டார். கொன்றவர்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் சொன்னவர், காப்பாற்றியவர்களை ஒரே வாக்கியத்தில் முடித்தார். பிற்பகலில் வந்த பாலஸ்தீன வழிகாட்டி செய்ததும் அதே தவறுதான், தலைகீழாக: காப்பாற்றிய குடும்பங்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு, கொன்றவர்களை "வெளியூரிலிருந்து வந்த சிலர்" என்று தள்ளிவிட்டார். ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள் என்பது உயிர் பிழைத்தவர்களே சொல்லிவைத்த உண்மை.

1994 பிப்ரவரி 25-இல் நடந்ததற்கும் இதே கதிதான். ரம்ஜான் மாத வெள்ளிக்கிழமை வைகறைத் தொழுகையில் ஈசாக்கின் மண்டபத்தில் குனிந்திருந்தவர்களைப் பின்னாலிருந்து சுட்டு 29 பேரைக் கொன்றவர் பாருக் கோல்ட்ஸ்டீன். அருகிலுள்ள கிரியாத் அர்பா குடியேற்றத்தில் வசித்த மருத்துவர். அவர் தனியாளாகவே செயல்பட்டார் என்று இஸ்ரேலிய அரசு அமைத்த விசாரணைக் குழு முடிவு சொன்னது. அந்த முடிவைப் பேருந்திலேயே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் பொறுப்பு என்ற சொல்லை எடைபோடும் இடம். குடியேறிகளை நகரத்தின் நடுவிலிருந்து அகற்றலாமா என்று அப்போதைய பிரதமர் ராபினின் அரசு யோசித்தது, ஆனால் செய்யவில்லை. மாறாக, இறந்தவர்களின் ஊர்மேல் ஊரடங்கு விழுந்தது, கடைவீதி மூடப்பட்டது. நகரின் முதுகெலும்பாக இருந்த ஷுஹதா தெரு படிப்படியாகப் பாலஸ்தீனர்களுக்கு அடைக்கப்பட்டு, 2000-இல் தொடங்கிய இரண்டாவது இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சிக்குப் பிறகு பெரும்பகுதி முற்றிலும் மூடப்பட்டது. நகரின் நடுப்பகுதியில் 1,014 வீடுகள் காலியாகிவிட்டன, 1,829 கடைகளும் தொழிலகங்களும் மூடிக்கிடக்கின்றன என்று இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலேம் 2007-இல் கணக்கெடுத்துச் சொன்னது. கொன்றவர் தனியாள் என்றே வைத்துக்கொள்வோம். கொல்லப்பட்டவர்களின் தெருவை அடைத்த கை தனியாளின் கை இல்லை. அது ஒரு அரசின் கை, அடுத்தடுத்து வந்த அரசுகளும் எடுக்காத கை.

அந்தத் தெருவில் காலையில் இஸ்ரேலிய வழிகாட்டியோடு நடந்தோம். நீண்டு வளைந்து போகும் தெரு, இருபுறமும் வெளிறிய பச்சை நிறக் கதவுகள். நடமாட்டமே இல்லை, ஒரு பூனையும், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது இருபது வயதுச் சிப்பாய்கள் இருவரும் தவிர யாரும் இல்லை. சில வீடுகளின் மாடிகளில் கம்பி வலை அடித்திருந்தார்கள், அதற்குள் துணி காய்ந்தது. ஆக ஆள் இருக்கிறார்கள், தெருவாசல் வழியாக வர முடியாமல் பின்பக்கமாகவோ மொட்டைமாடி வழியாகவோ போய்வருகிறார்கள். என் அத்தை பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டு மளிகைக்கடை நடத்தியவர். அவர் ஒரு கடையின் முன் நின்று, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கதவும் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். "பூட்டு போட்டிருந்தா சாவி யாருகிட்டயாவது இருக்கும்லா. இது பத்தவச்சிருக்காவ," என்றார். இரும்புக் கதவின் இடுக்கில் வெல்டிங் தழும்பு மண்புழு போலத் தடித்து ஓடியிருந்தது. அத்தை அதில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த கதவுக்கும் அதற்கு அடுத்த கதவுக்கும் போய்ப் பார்த்தார். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அவர் அவசரப்படுத்தாததைப் பாராட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அன்றைய நேரக் கணக்கில் அந்தத் தெருவுக்கு ஒதுக்கியிருந்தது இருபது நிமிடம்தான்.

நண்பகலில் கைமாற்றம். இந்தச் சேவையின் உயிர்நாடி இதுதான், ஆனால் துண்டுப் பிரசுரத்தில் "வழிகாட்டி மாற்றம்" என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. பள்ளிவாசலுக்கு அருகே சோதனைச் சாவடி இருக்கிறது. ஆள் உயரச் சுழல்கதவு, உள்ளே உலோகச் சோதனைக் கருவி. இஸ்ரேலிய வழிகாட்டி அதைத் தாண்டி எச்-1 பகுதிக்குள் வரக்கூடாது: அங்கே நுழைவது இஸ்ரேலியக் குடிமக்களுக்குச் சட்டப்படி தடை, உயிருக்கு ஆபத்து என்று சிவப்புப் பலகை எச்சரிக்கிறது. பாலஸ்தீன வழிகாட்டியோ நாங்கள் காலையில் நடந்த தெருவில் காலெடுத்து வைக்கக் கூடாது. அவருடைய தாத்தாவின் கடை அந்தத் தெருவில் இருந்ததாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்கள் இருவருக்கும், என்ன மதம் என்று சிப்பாய் கேட்ட ஒரு கேள்வியைத் தவிர, இரண்டு பக்கமும் திறந்தே இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த எங்களுக்கு அந்த ஊரில் இருந்த உரிமை, அந்த ஊர்க்காரருக்கு இல்லை.

அன்று சுழல்கதவு பழுதாகிப் பத்து நிமிடம் நிற்க வேண்டி வந்தது. இரண்டு வழிகாட்டிகளும் கைகுலுக்கிக்கொண்டு எங்களோடு நின்றார்கள். இருவரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள், ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. அத்தை என்னை மொழிபெயர்க்கச் சொல்லி இஸ்ரேலியரிடம் கேட்டார்: அந்தக் கடைக்காரர்களுக்கு யாராவது நஷ்டஈடு கேட்டார்களா, கொடுத்தார்களா? அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் நாங்கள் கேட்டுக்கொள்வதே இல்லை என்றார். கோல்ட்ஸ்டீன் எங்கள் ஊர் டாக்டர், என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன், மறுவாரம் அவர் கல்லறைக்குப் பூ வைக்கப் போன அண்டை வீட்டாரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மௌனத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை என்றார். பாலஸ்தீன வழிகாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் 1929-ஐச் சொல்லித்தரவே இல்லை, கொன்றதையும் சொல்லவில்லை காப்பாற்றியதையும் சொல்லவில்லை, பேருந்துகளில் குண்டு வெடித்த நாட்களில் எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தார்கள், நான் பையன், வாங்கித் தின்றேன் என்றார். அதற்குள் சுழல்கதவு சரியாகிவிட்டது. சிப்பாய் கையசைத்தார், நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போனோம்.

காலை முழுவதும் கேட்டதும் பிற்பகல் முழுவதும் கேட்டதும் எதிர்த்தரப்பு செய்த பாவங்களின் பட்டியல். தன் தரப்பு செய்ததைத் தானே எடுத்துச் சொன்னது அந்தப் பத்து நிமிடங்களில் மட்டுமே. அங்கே சமாதானத்துக்கு வழி உண்டா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் அந்தச் சுழல்கதவின் முன் கேட்டதைத்தான் சொல்வேன். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் மட்டும் வழி திறக்காது. அவரவர் கணக்கை அவரவர் வாயால் சொல்லும்போது, கேட்பவருக்கும் தன் கணக்கைத் திறக்கத் துணிவு வருகிறது. இதைச் சொல்லும்போது, இரண்டு கணக்கும் ஒரே தொகை என்று நான் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பை நடத்தும் அரசுக்கு, அதன் கீழ் வாழ்பவர்களைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு, ஏனென்றால் கதவைத் திறக்கும் அதிகாரம் அதனிடம்தான் இருக்கிறது. அந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலையில் தன் ஆலோசனைக் கருத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்வது, பேருந்தில் போகும் பள்ளிப் பிள்ளைகளைக் கொல்லும் உரிமையை யாருக்கும் கொடுத்துவிடாது.

பிற்பகல் பகுதி எனக்கு மனநிறைவு தந்தது, சாப்பாடும் அதற்கு ஒரு காரணம். பழைய நகரத்தில் ஒரு வீட்டில் கித்ரா பரிமாறினார்கள்: ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் முழுப் பூண்டுப் பற்களும் சேர்த்து, செப்புப் பானையில் விறகடுப்புச் சூளைக்குள் வைத்துச் சமைத்த சோறு. அந்த வீட்டம்மா அத்தையின் தட்டில் இரண்டாம் முறை அள்ளி வைத்தபோது மறுக்க வழி இல்லை. பிறகு சந்துகள் வழியாகக் கடைவீதிக்குப் போனோம். சந்துக்கு மேலே கம்பி வலை கட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் மேல்மாடிகளில் குடியேறிகள் வசிக்கிறார்கள், குப்பையும் கல்லும் கீழே விழுகின்றன. நிமிர்ந்து பார்த்தால் வலையில் பிளாஸ்டிக் பாட்டில்கள், உடைந்த நாற்காலிக் கால், ஒரு செங்கல், குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அதன் அடியில் ஒருவர் ஊதிச் செய்த நீலக் கண்ணாடிக் கிண்ணங்களைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எபிரோன் கண்ணாடிக்குப் பல நூற்றாண்டுப் பெயர். அத்தை ஒரு கிண்ணம் வாங்கினார், விலை பேசவில்லை. அவர் விலை பேசாமல் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

பாலஸ்தீன வழிகாட்டியின் விவரிப்பில் ஒரு குறை உண்டு, அதை எழுதாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. 1994 படுகொலையைப் பற்றி அரைமணி பேசியவர், அது நடந்து நாற்பது நாட்கள் கழித்து பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ், இஸ்ரேலிய நகரமான அஃபூலாவில் குண்டு வைத்து 8 பேரைக் கொன்றதைப் பற்றியோ, அதைத் தொடர்ந்து வந்த தற்கொலைத் தாக்குதல்கள் இஸ்ரேலியப் பொதுமக்களின் மனத்தில், இரு தரப்பும் செய்துகொண்ட ஒஸ்லோ சமாதான ஒப்பந்தத்தைக் குழிதோண்டிப் புதைத்ததைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1980 மே மாதத்தில் பெய்த் ஹதாசாவின் வாசலில் 6 யூதர்களைக் கொன்ற தாக்குதலில் தண்டனை பெற்றவர்களுள் ஒருவரான தய்சீர் அபூ ஸ்னைனா 2017-இல் எபிரோன் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாங்கள் அவருடைய நகராட்சி அலுவலகம் இருக்கும் பக்கத்தில் நடந்தபோதும் அந்தச் செய்தி வரவில்லை. மறுபக்கமும் பின்னர் இதே வழியில்தான் போனது. கோல்ட்ஸ்டீனின் படத்தைத் தம் வீட்டு வரவேற்பறையில் பல ஆண்டுகள் மாட்டி வைத்திருந்த, கிரியாத் அர்பாவில் வசிக்கும் இதமார் பென் க்விர், 2022 டிசம்பரில் காவல் துறையைத் தன் கையில் வைத்திருக்கும் தேசியப் பாதுகாப்பு அமைச்சரானார். ஒரு சமூகம் யாருக்கு மாலை போடுகிறது என்பதில் அதன் நாளைய நாள் தெரிந்துவிடுகிறது, இரண்டு பக்கமும் எனக்கு அந்த நாளைப் பற்றி அச்சமாக இருக்கிறது.

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். நகரத்தைப் பிரித்த அந்த 1997 உடன்படிக்கையிலேயே ஒரு பாடம் உண்டு, அதை இரண்டு வழிகாட்டிகளும் தவறவிட்டார்கள். அதற்கு ஒப்புக்கொண்ட இஸ்ரேலியப் பிரதமர், ஒஸ்லோவை எதிர்த்துப் பிரசாரம் செய்து 1996-இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்ற நெதன்யாகு. நிலம் ஒரு அங்குலமும் விட்டுத்தர மாட்டார் என்று நம்பி வாக்களித்தவர்களின் கண் முன்னே, எபிரோனின் ஐந்தில் நான்கு பங்கிலிருந்து ராணுவத்தை விலக்கினார். அமெரிக்கா விடாமல் அழுத்தியது. முந்தைய அரசு எழுதிக்கொடுத்த வாக்கு எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருக்கும் வாக்கும், அதை நிறைவேற்றச் சொல்லி நெருக்கும் வெளியாரும் இருந்தால், மனமில்லாதவரும் ஓரடி நகர்வார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த வெளியார் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் அந்த ஊரிலேயே இருந்தது. படுகொலைக்குப் பிறகு எபிரோனில் நின்று நடப்பதைக் குறித்துவைத்த டிப் என்ற சர்வதேசக் கண்காணிப்புக் குழுவின் அனுமதியை, நாங்கள் போவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் இஸ்ரேல் நீட்டிக்க மறுத்துவிட்டது. அவர்கள் போன பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்குத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது என்று கித்ரா பரிமாறிய அந்த வீட்டம்மா சொன்னார். வழிகாட்டி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். சுற்றுலா வந்தவர்களைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நிறுவனம் சொல்லியிருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்ட பிறகு, காஸாவின்மேல் நடந்த போரில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதே நாட்களில் எபிரோனின் எச்-2 வாசிகள்மேல் கடுமையான ஊரடங்கு விழுந்தது. எங்கள் பாலஸ்தீன வழிகாட்டி, தன் வீட்டு வாசலுக்கு வெளியே போக வாரத்தில் சில மணி நேரம்தான் அனுமதி என்று அப்போது எனக்கு எழுதினார். ஆகவே பணம் கட்டும் முன், இந்தச் சேவை மீண்டும் இரு வழிகாட்டிகளோடுதான் நடக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வழிகாட்டி இரு கதைகளையும் சொல்வார் என்றால் போகாதீர்கள். ஒருவர் குரலில் இருவரின் கணக்கு நேராக வராது.

நடை அதிகம், எங்களுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கற்சாலையில் நடக்க வேண்டியிருந்தது, ஏற்றமும் படியும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பழைய நகரத்துச் சந்துகள் சிரமம். கடவுச்சீட்டை ஒருபோதும் பையின் அடியில் வைக்காதீர்கள், நான்கு முறை காட்ட வேண்டி வந்தது. பள்ளிவாசலில் பெண்களுக்கு முழு அங்கி கொடுக்கிறார்கள், தனியாகத் துணி கொண்டுபோக வேண்டியதில்லை. கட்டணம் எருசலேமில் நடுத்தர விடுதியில் ஓரிரவு தங்கும் அளவுக்கு வரும், சாப்பாடு அதில் அடக்கம். அதில் எவ்வளவு பங்கு பாலஸ்தீன வழிகாட்டிக்கும் சமைத்த வீட்டுக்கும் போகிறது என்று நாங்கள் கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. அதற்காகவே அரைப் புள்ளி குறைத்தேன். நீங்களும் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள்.

மற்றொன்றையும் கேளுங்கள். வழிகாட்டிகள் கைமாறும் இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கப் போகிறீர்கள் என்று முன்பதிவிலேயே கேளுங்கள். பத்து நிமிடம் போதாது, ஒரு மணி நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஷுஹதா தெருவில் இருபது நிமிடத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, கடைவீதியில் சாமான் வாங்கும் நேரத்தை முழுதாக விட்டாலும் பரவாயில்லை. பள்ளிவாசலுக்கு எதிரே, ஆலிவ் மரத்தடியில், சுழல்கதவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கல்லால் ஆன ஒரு திண்ணை இருக்கிறது. ஆறு ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். இரண்டு வழிகாட்டிகளையும் அங்கே உட்காரச் சொல்லி, முதல் கேள்வியை அத்தை கேட்டது போலக் கடையிலிருந்தே தொடங்குங்கள்.